ஃப்ரன்ட் வீல் டிரைவ் கூப்பே: கால் மைல் 14.69 வினாடி, 14-க்குக் கீழே கொண்டுவர என்ன செய்யலாம்?

செவ்வண்டி:

எல்லோருக்கும் வணக்கம். என் வண்டி 2003 அக்யுரா ஆர்எஸ்எக்ஸ் டைப்-எஸ், 6 கியர் மேனுவல். எஞ்சினைப் பிரிக்கவில்லை. ஏர் இன்டேக், ஹெடர், பெரிய விட்டமுள்ள சைலன்சர் லைன், அதற்கேற்ற டியூன், லோயரிங் ஸ்பிரிங், அவ்வளவுதான் செய்திருக்கிறேன். டயர் சாதாரண சாலை டயர், 205/55 16. போன வாரம் முதல் முறையாக டிராக் ஸ்ட்ரிப்பில் (நேர்கோட்டுப் பந்தயத் தளம்) 6 ஓட்டம் ஓட்டினேன். அதில் நல்ல ஸ்லிப் (நேரம் அச்சிட்ட சீட்டு) இது, நேரமெல்லாம் வினாடியில்:

எதிர்வினை நேரம் 0.412
60 அடி: 2.38
330 அடி: 6.30
660 அடி: 9.56, மணிக்கு 77.5 மைல்
1000 அடி: 12.35
1320 அடி: 14.69, மணிக்கு 98.4 மைல்

பக்கத்து லேனில் என்னைவிடப் பலம் குறைந்த பின்சக்கர வண்டி ஒன்று கோட்டிலிருந்து என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. பாதி தூரத்துக்கு மேல்தான் அதை நெருங்கவே முடிந்தது. 13-ல் ஒரு எண் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. 50 குதிரைத்திறன் கூட்டும் நைட்ரஸ் வாயு கிட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

கிளட்ச்_கால்:

தம்பி, கிட்டை இப்போது வாங்க வேண்டாம். முதலில் உங்கள் ஸ்லிப்பைச் சேர்ந்து படிப்போம், அதிலேயே பதில் இருக்கிறது.

கடைசியில் அச்சாகும் வேகம் எஞ்சின் பலத்தைச் சொல்லும். கடைசி 66 அடியில் எடுக்கும் சராசரி வேகம் அது. கோட்டில் கொஞ்சம் சொதப்பினாலும் அந்த எண் பெரிதாக மாறாது. நேரம் அப்படி இல்லை. கிளம்பிய விதம், கியர் மாற்றிய விதம் எல்லாம் அதில் விழும். பழைய கணக்கு ஒன்று உண்டு: பிடிப்பு நன்றாக இருக்கும் வண்டியில் நேரத்தையும் வேகத்தையும் பெருக்கினால் 1363 பக்கம் வரும். உங்கள் 98.4-க்கு அந்தக் கணக்கில் 13.85 வர வேண்டும். நீங்கள் ஓடியதோ 14.69. பெருக்கினால் 1445. ஃப்ரன்ட் வீல் டிரைவ் 1363-ஐத் தொடுவது கடினம்தான். சாலையிலும் ஓட்டும் வண்டியில் 1390-க்கு வந்தாலே நல்ல ஓட்டம் என்பது என் அனுபவம். அப்படிப் பார்த்தாலும் 14.1 உங்கள் வண்டிக்குள் ஏற்கெனவே இருக்கிறது. எஞ்சின் கொடுப்பதைத் தரையில் இறக்க முடியவில்லை, அதுதான் சிக்கல்.

உங்கள் 60 அடி 2.38. அதில் 0.1 குறைந்தால் கால் மைல் முடிவில் 0.15 முதல் 0.2 வரை குறையும், ஏனென்றால் அங்கே கிடைத்த வேகம் மீதி 1260 அடிக்கும் கூடவே வருகிறது. நைட்ரஸ் போட்டால் இந்த 2.38 சரியாகாது, சுழல்கிற சக்கரம் இன்னும் வேகமாகச் சுழலும், அவ்வளவுதான்.

சில கேள்விகள். முன் டயரில் ஏர் எவ்வளவு? எத்தனை ஆர்பிஎம்மில் கிளட்சை விட்டீர்கள்? டிஃபரன்ஷியல் எல்எஸ்டியா (ஒரு சக்கரம் மட்டும் சுழன்று பலம் வீணாகாமல் தடுப்பது), சாதாரணமா? இரண்டாவது கியரிலும் சுழன்றதா?

ஆறாவது_கியர்:

நைட்ரஸை மூன்றாவது கியரிலிருந்து மட்டும் திறந்தால் பிடிப்புப் பிரச்சினை வராது, அது ஒரு வழி. அதற்கு முன் எடையைப் பாருங்கள். நான் என் பழைய வண்டியில் பேட்டரியை டிக்கிக்கு மாற்றினேன், நல்ல பலன் கிடைத்தது. செலவு குறைவு, ஒரு நாள் வேலை.

செவ்வண்டி:

@கிளட்ச்_கால் அண்ணா, ஏர் நாலு டயரிலும் 34 பிஎஸ்ஐ. 4500 ஆர்பிஎம்மில் வைத்து கிளட்சைச் சட்டென்று விட்டேன். டிஃபரன்ஷியல் சாதாரணம்தான், கம்பெனியிலிருந்து வந்தது. இரண்டாவது கியர் விழுந்ததும் லேசாகச் சுழலும். இன்னொரு விஷயம், இரண்டு ஓட்டங்களில் கிளம்பும்போது முன்பக்கம் தடதடவென்று அடித்தது, ஸ்டீயரிங் வரை அதிர்ந்தது. அது சாதாரணமா?

கிளட்ச்_கால்:

இல்லை. அந்தத் தடதடப்பு வீல் ஹாப். அது வந்த நொடியே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள், அந்த ஓட்டம் போனாலும் பரவாயில்லை. விரிவாக இரவு எழுதுகிறேன்.

நிறையும்_விசையும்:

பேட்டரி விஷயத்தில் மாற்றுக் கருத்து உண்டு, அதனால் கணக்கோடு எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி முன்னால் பாயும்போது எடையின் ஒரு பகுதி முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரத்துக்குப் போகிறது. எவ்வளவு போகும் என்பதை நான்கு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: வண்டியின் எடை, முடுக்கம், ஈர்ப்பு மையத்தின் உயரம், முன் பின் அச்சுகளுக்கு இடையே உள்ள நீளம். செவ்வண்டியின் கூப்பேயில் அந்த நீளம் 2.57 மீட்டர். ஓட்டுநரோடு 1340 கிலோ என்றும், ஈர்ப்பு மையம் அரை மீட்டர் உயரத்தில் என்றும், முன் சக்கரங்களில் 61 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். நிற்கும்போது முன்னால் 817 கிலோ. 0.5 ஜி முடுக்கத்தில் (ஈர்ப்பு முடுக்கத்தில் பாதி) கிளம்பினால் சுமார் 130 கிலோ பின்னால் போய்விடும். பின்சக்கர வண்டிக்கு அந்த 130 கிலோ வரவு. நமக்குச் செலவு. உங்களைக் கோட்டிலேயே விட்டுப்போன அந்த வண்டியின் ரகசியம் இதுதான்.

இப்போது டயரின் பிடிப்புக் கெழு 1.0 என்று வைத்தால், இந்த வண்டியால் அதிகபட்சம் 0.51 ஜி-க்கு மேல் முடுக முடியாது, எஞ்சின் எவ்வளவு பெரிதாக இருந்தாலும். 0.51 ஜி-யில் 60 அடி கடக்க ஆகும் நேரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தேன். டைமர் ஓடத் தொடங்கும் முன் சக்கரம் உருளும் ஏறக்குறைய ஒரு அடியைக் கழித்தால் 2.38 வருகிறது. உங்கள் ஸ்லிப்பில் உள்ள அதே எண். அதாவது அந்த ஓட்டத்தில் டயர் 1.0 அளவுக்குத்தான் பிடித்திருக்கிறது.

இந்த 0.51-ஐ எது எவ்வளவு மாற்றும் என்று வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். வண்டியை இன்னும் 3 செ.மீ. தாழ்த்தினால் 1 சதவீதம் கூடும். டிக்கியிலிருந்து ஸ்டெப்னி, ஜாக்கி, பின் சீட் என்று 35 கிலோ எடுத்தால், மொத்த எடை குறைவதோடு முன் சக்கரத்தின் பங்கு 61-லிருந்து 62.6 சதவீதம் ஆகிறது. பலன் 2.5 சதவீதம் பக்கம். 15 கிலோ பேட்டரியை முன்னாலிருந்து டிக்கிக்கு மாற்றினால் 2 சதவீதம் குறைகிறது. ஆமாம், குறைகிறது. அது பின்சக்கர வண்டிக்கான யோசனை, நமக்கு நேர் எதிர். நமக்கு எடையைக் குறைக்க வேண்டிய இடம் பின்பக்கம். முன்பக்கத்தில் இருப்பது இருக்கட்டும்.

டயர் பிடிப்பு 1.0-லிருந்து 1.4 ஆனால்? 0.67 ஜி. 31 சதவீதம். 60 அடி 2.08-க்கு வந்துவிடும். மற்ற எல்லாவற்றையும் கூட்டினாலும் இதன் அருகில் வராது.

ஆறாவது_கியர்:

என்னுடைய பழைய வண்டி பின்சக்கர இயக்கம். அதை யோசிக்காமல் எழுதிவிட்டேன். செவ்வண்டி, பேட்டரியைத் தொட வேண்டாம்.

அப்படியென்றால் பின்னால் மிகக் கடினமான ஸ்பிரிங் போட்டு எடை பின்னால் போவதையே தடுக்கலாமே? ஃப்ரன்ட் வீல் டிரைவ் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் அதைச் செய்து பார்த்திருக்கிறேன்.

நிறையும்_விசையும்:

செய்கிறார்கள், பலனும் கிடைக்கிறது, ஆனால் காரணம் வேறு. நான் சொன்ன நான்கு விஷயங்களில் ஸ்பிரிங் இல்லை என்பதைப் பாருங்கள். ஸ்பிரிங் கல்லாக இருந்தாலும் அந்த 130 கிலோ பின்னால் போகத்தான் செய்யும். கடின ஸ்பிரிங் குறைப்பது பின்பக்கம் உட்காருவதை, மூக்கு தூக்குவதை. மூக்கு தூக்கினால் முன் சக்கரத்தின் கேம்பரும் (பக்கவாட்டுச் சாய்வு) டோவும் (உள்ளே வெளியே திரும்பிய அளவு) மாறும், டயர் முழு அகலத்தில் தரையைத் தொடாது. அந்த இழப்புதான் மிச்சமாகிறது. ஷாக் சரிசெய்யக்கூடியதாக இருந்தால் முன்பக்கம் ரீபவுண்டையும் (நீளும்போது தரும் தடை) பின்பக்கம் கம்ப்ரஷனையும் (அமுங்கும்போது தரும் தடை) கூட்டலாம். எடை போகும் வேகம் குறையும், கிளம்பும் அந்த முதல் கணத்துக்கு அது உதவும்.

போட்டிக்கென்றே கட்டிய ஃப்ரன்ட் வீல் டிரைவ் வண்டிகளில் பின்னால் நீளமாக வீலி பார் நீட்டிக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். முன்னால் இழுக்கும் வண்டி பின் சக்கரத்தில் எழும்பவா போகிறது, எதற்கு அது என்று பலர் கேட்பார்கள். அந்தச் சிறு சக்கரங்கள் சுமையை வாங்கிக்கொள்வதால் அச்சு நீளம் கூடியது போல ஆகிறது. என் சமன்பாட்டில் நீளம் கூடினால் பின்னால் போகும் எடை குறையும். நான்கில் ஒன்றை உண்மையாகவே மாற்றும் வழி அது.

கிளட்ச்_கால்:

சொன்னபடி வீல் ஹாப் பற்றி.

டயர் பிடிக்கும், முறுக்கிக்கொள்ளும், பிடி விடும், மறுபடி பிடிக்கும். ஒரு வினாடியில் இது பலமுறை நடக்கிறது. கூடவே எஞ்சினும் மவுன்டில் முன்னும் பின்னும் ஆடும், கன்ட்ரோல் ஆர்ம் புஷ் அமுங்கி விரியும். ஒவ்வொரு முறை டயர் பிடிக்கும்போதும் ஆக்சிலுக்குச் சம்மட்டி அடி. நான் முதல் வருடத்தில் தடதடப்போடே மிதித்துக்கொண்டு போனேன். 60 அடி தாண்டுவதற்குள் வலது ஆக்சில் முறிந்து, வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது. முழுக்க என் தவறு. அன்று எனக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை, அதனால்தான் உங்களுக்கு அழுத்திச் சொல்கிறேன்.

வண்டிக்கு 20 வயது தாண்டிவிட்டது. அடியில் படுத்து எஞ்சின் மவுன்ட் ரப்பர்களைப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். சற்றுக் கடினமான ரப்பர் போடலாம், கொஞ்சம் அதிர்வு கேபினுக்குள் வரும். கீழ் கன்ட்ரோல் ஆர்ம் புஷ்களும் அப்படியே. அலைன்மென்ட்டில் முன் கேம்பரைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். தாழ்த்திய வண்டியில் நெகடிவ் கேம்பர் கூடியிருக்கும், டயரின் உள் விளிம்பு மட்டும்தான் வேலை செய்யும். டோவை ஒரு நூல் அளவு வெளியே வைக்கலாம், ஏனென்றால் இழுவை வரும்போது முன் சக்கரங்கள் உள்ளே திரும்பப் பார்க்கும்.

இனி கால். 4500-ல் சட்டென்று விடுவது சாலை டயருக்கு ஆகாது. முன் டயரில் 26 பிஎஸ்ஐ வையுங்கள். பின் டயரில் பக்கச்சுவரில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டாமல் நன்றாக ஏற்றுங்கள், உருளும் தடை குறையும். ஹேண்ட்பிரேக்கை ஒரு பல் இழுத்து வைத்து, கிளட்சை மெதுவாக விட்டு அது கடிக்கும் இடம் வரை வாருங்கள். வண்டி முன்னால் லேசாக அழுந்தும், ஆக்சிலில் உள்ள தொய்வு எல்லாம் இறுகிவிடும். ஆர்பிஎம் 3000. கிளம்பும்போது ஹேண்ட்பிரேக்கை விடுவதும் கிளட்சை விடுவதும் ஒன்றாக நடக்க வேண்டும், ஆனால் கிளட்சை முழுவதும் விடாமல் ஒரு வண்டி நீளம் வரை நழுவவிட்டே போங்கள். டயர் கீச்சென்று சன்னமாக முனகினால் அது சரியான அளவு. ஊளையிட்டால் அதிகம். சத்தமே இல்லாமல் எஞ்சின் திணறினால் குறைவு. காதால் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம் இது, எழுதிப் புரியவைக்க என்னால் முடிந்தது இவ்வளவுதான்.

நண்பர் ஒருவரை நிற்க வைத்து முன் சக்கரத்தை மட்டும் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே உட்கார்ந்திருக்கும் நமக்குச் சுழல்வது பாதிதான் தெரியும்.

புதுக்கோடு:

நான் இதுவரை ஸ்ட்ரிப்பில் ஓட்டியதில்லை, அடுத்த மாதம் போகப்போகிறேன். குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தண்ணீர்ப் பெட்டியில் நாமும் பர்ன்அவுட் (நின்ற இடத்தில் சக்கரத்தைச் சுழற்றிச் சூடாக்குவது) செய்ய வேண்டுமா? அப்புறம் அந்த விளக்கு மரத்தில் மேலே இருக்கும் இரண்டு சின்ன விளக்குகளுக்கு அர்த்தம் என்ன?

இரவு_ஓட்டம்:

குறுக்கீடு இல்லை, எல்லோருக்கும் பயன்படும் கேள்வி.

சாலை டயர் என்றால் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போங்கள். டயரின் பள்ளங்களுக்குள் தண்ணீர் தங்கி, கோட்டில் நிற்கும்போது சொட்டும். காய்ந்த இடத்தில் ஹேண்ட்பிரேக் இழுத்து ஓரிரு வினாடி சுழற்றினால் ஒட்டியிருக்கும் மண்ணும் கல்லும் போய்விடும், அது போதும். சாலை டயரை அளவுக்கு மேல் சூடாக்கினால் வழுக்கத்தான் செய்யும். ஸ்லிக் (பள்ளமே இல்லாத பந்தய டயர்) அல்லது டிராக் ரேடியல் (நேர்கோட்டுப் பந்தயத்துக்கான மென்மையான ரப்பர் டயர்) இருந்தால் முன் சக்கரம் மட்டும் நனையும்படி நிறுத்தி, சற்று முன்னால் வந்து சுழற்றலாம். ரேடியலுக்குப் புகை எழத் தொடங்கியதும் நிறுத்திவிடலாம். ஸ்லிக்குக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும்.

விளக்கு: முதலாவது ப்ரீ-ஸ்டேஜ், கோட்டுக்குச் சில அங்குலம் பின்னால் நிற்கிறீர்கள். இரண்டாவது ஸ்டேஜ், கோட்டில் நிற்கிறீர்கள். இரண்டாவது எரிந்த அந்தக் கணமே நின்றுவிடுங்கள், ஓர் அங்குலம்கூட முன்னே போக வேண்டாம். டைமர் ஓடத் தொடங்குவது உங்கள் முன் சக்கரம் அந்த ஒளிக்கற்றையை விட்டு வெளியேறும்போதுதான். முன்னால் நிற்பவருக்கு உருண்டு வேகம் பிடிக்க இடம் குறையும், நேரம் கூடும். எதிர்வினை நேரமும் இந்தக் கணக்கில் சேராது. பச்சை விழுந்து இரண்டு வினாடி கழித்துக் கிளம்பினாலும் கால் மைல் நேரம் அதேதான். எதிராளியிடம் தோற்போம், அது வேறு. ஆகவே பழகும் நாட்களில் விளக்கைத் துரத்த வேண்டாம், கிளட்சில் மட்டும் கவனம் வையுங்கள்.

செவ்வண்டி, நீங்கள் 6 ஓட்டங்களை எவ்வளவு இடைவெளியில் ஓட்டினீர்கள்? ஏர் இன்டேக் பானெட்டுக்குள் இருக்கும் சூட்டை இழுக்கிறது. வரிசையில் எஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறந்துவைத்து, வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டு போங்கள். நான் இரவில்தான் ஓட்டுவேன். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதே எஞ்சின் அதே நாளில் மாலையைவிட இரவில் நன்றாக இழுக்கும். ஆனால் ரொம்பக் குளிர்ந்தால் தரைப் பிடிப்பு போய்விடும், அதையும் பார்க்க வேண்டும்.

செவ்வண்டி:

மறுபடி ஸ்ட்ரிப்புக்குப் போய் ஓட்டிவிட்டு வந்தேன். அதே டயர், அதே எஞ்சின். மவுன்ட் ஒன்றில் வெடிப்பு இருந்தது, மாற்றினேன். அலைன்மென்ட் செய்தேன். முன்னால் 26, பின்னால் 42 பிஎஸ்ஐ. டிக்கியைக் காலி செய்தேன். முதல் மூன்று ஓட்டங்களில் கிளட்சை நழுவவிடுவது பிடிபடவே இல்லை, ஒரு முறை எஞ்சின் திணறி 2.61 வந்தது. நான்காவதில் அந்தச் சன்னமான முனகலைக் கேட்டேன். அண்ணா, நீங்கள் சொன்னது அப்போதுதான் புரிந்தது.

60 அடி 2.24. கால் மைல் 14.45, மணிக்கு 98.5 மைல்.

வேகம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, நேரம் மட்டும் கால் வினாடி குறைந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து இரண்டு ஸ்லிப்பையும் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தடதடப்பு ஒரு முறைகூட வரவில்லை.

அடுத்து எல்எஸ்டியா, டயரா? இரண்டுக்கும் ஒரே நேரத்தில் செலவு செய்ய முடியாது.

ஆறாவது_கியர்:

எல்எஸ்டி. சாதாரண டிஃபரன்ஷியலில் பிடிப்பு குறைந்த சக்கரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் மற்றதுக்கும் போகும். ஒரு சக்கரம் சுழல ஆரம்பித்தால் கதை முடிந்தது. இதே காரின் ஜப்பான் டைப் ஆர் ரகத்துக்குக் கம்பெனியே ஹெலிகல் எல்எஸ்டி கொடுத்தது, டைப்-எஸ்ஸுக்குக் கொடுக்கவில்லை. டயர் தேய்ந்துபோகும், எல்எஸ்டி வண்டியோடு இருக்கும்.

நிறையும்_விசையும்:

நீண்ட காலத்துக்கு அது சரி. ஆனால் எல்எஸ்டி இரண்டு டயரையும் அவற்றின் எல்லை வரை பயன்படுத்த உதவும், அந்த எல்லையை உயர்த்தாது. டிராக் ரேடியல் எல்லையையே உயர்த்தும். கியர்பாக்ஸைப் பிரிக்கவும் தேவையில்லை. 13-தான் குறி என்றால் என் ஓட்டு டயருக்கு.

கிளட்ச்_கால்:

எனக்கும் டயர்தான். ஒரு எச்சரிக்கை மட்டும். டயர் பிடிக்க ஆரம்பித்ததும் இதுவரை பழகிய கால் உதவாது. 3000-ல் கிளம்பினால் எஞ்சின் மூச்சடைத்துவிடும். உங்கள் 2 லிட்டர் எஞ்சினுக்குக் கீழே இழுவை குறைவு, முதல் கியரில் உச்ச டார்க்கில்கூட 0.64 ஜி பக்கம்தான் தள்ளும், நல்ல ரேடியல் அதைத் தாங்கிக்கொள்ளும். ஆகவே ஃபிளைவீலில் சேர்த்துவைத்த சுழற்சியைச் செலவழிக்க வேண்டும். 5500-லிருந்து தொடங்குங்கள், மறுபடி கிளட்சை நழுவவிட்டு, ஆனால் முன்பைவிடச் சீக்கிரம் விட்டுவிடுங்கள். ஏர் 20 பிஎஸ்ஐ-யில் ஆரம்பித்து, டயரின் குறுக்கே சாக்பீஸில் ஒரு கோடு போட்டு, ஓட்டம் முடிந்ததும் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் ஏர் அதிகம், ஓரத்தில் மட்டும் அழிந்தால் குறைவு. வீட்டுக்கு ஓட்டிப்போகும் முன் ஏர் ஏற்றிக்கொள்ள மறக்காதீர்கள்.

பிடிப்பு கூடினால் ஆக்சிலுக்கு வேலையும் கூடும். பூட் ரப்பர் கிழிந்திருக்கிறதா, கிரீஸ் கசிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

இரவு_ஓட்டம்:

ஹெல்மெட்டையும் இப்போதே வாங்கிவிடுங்கள். அமெரிக்காவின் டிராக் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏ விதிப்படி 13.99 அல்லது அதற்குக் குறைவான நேரம் ஓடும் காருக்கு ஹெல்மெட் கட்டாயம். உங்கள் ஸ்ட்ரிப்பின் விதி எப்படி இருந்தாலும் மணிக்கு 100 மைலில் தலைக்கு ஒன்று வேண்டும்.

செவ்வண்டி:

நண்பர் ஒருவர் தன் டிராக் ரேடியல் ஜோடியை ரிம்மோடு இரவலாகக் கொடுத்தார். 225/50 16, விட்டம் என் டயருடையதேதான், அதனால் கியர் கணக்கு எதுவும் மாறவில்லை. நேற்று 5 ஓட்டம். முதலாவது 5000-ல் கிளம்பித் திணறியது. 6000-ல் லேசாகச் சுழன்றது. 5600-ல் வந்தது இது:

60 அடி: 2.05
330 அடி: 5.81
660 அடி: 8.98, மணிக்கு 79.0 மைல்
1000 அடி: 11.72
1320 அடி: 14.01, மணிக்கு 99.4 மைல்

14.01. ஸ்லிப்பைக் கையில் வாங்கிக் காரிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வாரத்துக்கு முன் இதே எஞ்சின் 14.69 ஓடியது. எஞ்சினில் ஒரு ஸ்குரூகூடத் திருப்பவில்லை. நூறில் இரண்டு பங்கு வினாடி எங்கே ஒளிந்திருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியுமா?

நிறையும்_விசையும்:

வாழ்த்துகள். 60 அடி என் கணக்கில் வந்த 2.08-ஐவிடவே நன்றாக இருக்கிறது, கிளட்ச் வேலைக்குத்தான் அந்தப் பெருமை. பெருக்கினால் 1393. முன் சக்கரம் இழுக்கும் வண்டிக்கு இது அருமையான எண்.

கியர் மாற்றும் இடத்தைச் சொல்லுங்கள். 8000-ல் என்றால், உங்கள் கியர் விகிதம் 3.266-லிருந்து 2.130-க்கு மாறும்போது எஞ்சின் 5200-க்கு விழும். இரண்டிலிருந்து மூன்றுக்கு 5700, மூன்றிலிருந்து நாலுக்கு 6050. உங்கள் எஞ்சினில் பெரிய கேம் (அதிக ஆர்பிஎம்மில் வால்வை இன்னும் அதிகமாகத் திறக்கும் பகுதி) 5800 பக்கம்தான் வேலைக்கு வருகிறது என்றால், இரண்டாவது கியரின் தொடக்கம் முழுக்கச் சின்ன கேமில் போகிறது. டியூனர் அதை மாற்றினாரா?

செவ்வண்டி:

8000-ல்தான் மாற்றுகிறேன். லாகைத் திறந்து பார்த்தேன், 5210-ல் விழுந்து 5800 வருவதற்கு அரை வினாடி ஆகிறது. கேம் மாறும் இடத்தை டியூனர் தொடவில்லை, கம்பெனி வைத்ததே இருக்கிறது. அந்த அரை வினாடியை நான் கவனித்ததே இல்லை. அப்போது வண்டி சுழலாமல் போகிறது என்ற சந்தோஷத்தில் இருந்தேன்.

கிளட்ச்_கால்:

அங்கேதான் இருக்கிறது. இன்டேக்கும் ஹெடரும் மாற்றிய எஞ்சினில் சின்ன கேமின் டார்க் கோடும் பெரிய கேமின் கோடும் 5800-க்குக் கீழேயே வெட்டிக்கொள்ளும். எங்கே என்பது வண்டிக்கு வண்டி மாறும். டைனோவில் (எஞ்சின் பலத்தை அளக்கும் கருவி) இரண்டு கேமிலும் தனித்தனியாக இழுத்து, வெட்டும் இடத்தில் மாற்றத்தை வைக்கச் சொல்லுங்கள். 5000 பக்கம் வந்தால் இரண்டாவது கியர் விழும்போதே பெரிய கேமில் விழும். 0.03, 0.04 வினாடி எதிர்பார்க்கலாம். உங்களுக்கு வேண்டியது 0.02.

பின் சீட் இன்னும் உள்ளேதானே இருக்கிறது? அதைக் கழற்ற நாலு போல்ட்டுதான். ஆனால் இரண்டையும் ஒரே ஓட்டத்தில் மாற்ற வேண்டாம், எது என்ன கொடுத்தது என்று தெரியாமல் போய்விடும்.

செவ்வண்டி:

டியூனரிடம் வியாழக்கிழமை நேரம் வாங்கிவிட்டேன். சனிக்கிழமை இரவு முதல் இரண்டு ஓட்டம் சீட்டோடு, அப்புறம் இரண்டு சீட் இல்லாமல். ஹெல்மெட் வந்துவிட்டது. நான்கு ஸ்லிப்பையும் இங்கேயே போடுகிறேன்.